ஹாரன் அக்கா டயர் மாற்றிய கதை

மண்கிளறியின் பற்களைப் பள்ளத்தின் ஓரத்தில் குத்தி, அமுங்கிக் கிடந்த புல்லை வேரோடு மெல்ல நெம்பித் தூக்கினாள் ஹாரன் அக்கா. அடியில் இரண்டு கை மணல் கலந்த மண்ணைத் தள்ளி, மேலே உள்ளங்கையால் தட்டினாள். ஒரு முழம் முடிந்தது. அவளுடைய டிராக்டர் போட்ட இரட்டைப் பள்ளம் புல்தரை நெடுக இன்னும் மீதியிருந்தது.

பக்கவாதம் வந்தவர்களும் இடுப்பெலும்பு முறிந்தவர்களும் மறுபடி நடக்கப் பழகும் இல்லம் அது. பழகும் இடம் இந்தப் புல்தரைதான். ஞாயிற்றுக்கிழமை, இடது காலை இழுத்து நடக்கும் தையல்காரரின் கால்நுனி அந்தப் பள்ளத்தில் மாட்டி, மனிதர் குப்புற விழுந்தார். எலும்புக்கு ஒன்றும் இல்லை, முட்டி வீங்கியதோடு சரி. ஆனால் அன்றிலிருந்து அவர் கட்டிலை விட்டு இறங்க மறுத்தார். இல்லத் தலைவி ஹாரன் அக்காவைக் கூப்பிட்டு நேராகவே சொல்லிவிட்டார்.

"டயர் மாத்தணும்னா மாத்திக்கோங்க. வெள்ளிக்கிழமை காலையில நான் வந்து பார்ப்பேன். புல்லு வெட்டினப்புறமும் தரை சமமா இருக்கணும். இல்லேன்னா மேல சிமெண்ட் போட்டுடறதுதான். ஆளுங்களுக்குச் சொல்லி வெச்சிருக்கேன்."

சிமெண்ட் தரைக்குப் புல் வெட்டும் டிராக்டர் எதற்கு? டிராக்டர் இல்லாத இடத்தில் ஹாரன் அக்காவுக்கு என்ன வேலை? அதை யாரும் விளக்கிச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

ஐம்பத்திரண்டு வயது அவளுக்கு. பதினெட்டு வருடம் டிராக்டரில் டிரெய்லர் மாட்டிச் செங்கல் ஏற்றியவள். கணவர் ஓட்டிய வண்டி. அவருக்கு முதுகு பிடித்துக்கொண்டதும், "ரெண்டு நாளைக்கு மட்டும் ஓட்டு" என்று சாவியைக் கையில் கொடுத்தார். அந்த இரண்டு நாள் இன்னும் முடியவில்லை. எஞ்சின் சத்தத்துக்கு மேலே கத்திக் கத்திக் குரல் தடித்துப்போனதில் வந்தது இந்தப் பெயர். அவள் ரகசியம் சொன்னால் இரண்டாவது மாடியில் இருப்பவர்கள் பதில் சொல்வார்கள். ஆறு வருடத்துக்கு முன், இங்கே நோயாளிகளைப் பார்த்துக்கொள்ளும் நாத்தனார்தான் அவளை இந்த வேலையில் சேர்த்துவிட்டாள். புல் வெட்ட இல்லம் வாங்கியிருந்த பழைய டிராக்டரோ ஏதோ வயலிலிருந்து வந்தது, வயல் டயரோடு.

பள்ளம் முழுக்கத் தூக்கி முடித்துவிட்டு, புதன்கிழமை மதியம் டயர் கடைக்குப் போனாள்.

"இதப் பாருங்கம்மா, பட்டன் என்ன ஆழம்! சேத்துல விட்டா முதலை மாதிரி கவ்வும்" என்று டயரின் முகத்தில் புடைத்திருந்த கட்டிகளைத் தடவிக் காட்டினார் கடைக்காரர்.

"கவ்வுனதுதான்யா வினையே. நோயாளிங்க நடக்கிற புல்லு மேல போகணும். கவ்வாத டயரா காட்டுங்க."

"கவ்வாத டயரா? இருபது வருஷத்துல இப்படிக் கேட்ட மொத ஆள் நீங்கதாம்மா."

தார் ரோட்டு டயர் ஒன்றை உருட்டி வந்தார். பட்டன் ஆழமில்லை. ஆனால் அகலம் குறைவு, ஓரம் செங்குத்து. ஹாரன் அக்கா அந்த ஓரத்தில் கட்டைவிரலை ஓட்டிப் பார்த்தாள். "திரும்பறப்ப இது புல்லைச் சீவி எடுத்துடும். வேண்டாம்."

கடைசியில் பின்கட்டிலிருந்து தூசியோடு வந்தது மூன்றாவது. நல்ல அகலம். முகத்தில் சிறு சிறு தட்டைக் கட்டிகள். ஓரம் உருண்டை.

"மழையில வழுக்கும்னு இதை யாரும் எடுக்கறதில்லைம்மா."

"மழை பேஞ்சா நானும் வண்டிய எடுக்கறதில்லை. இனிமே."

அந்த 'இனிமே' மட்டும் அவள் குரலுக்குப் பொருந்தாமல் மெதுவாக வந்தது. போன சனிக்கிழமை, மழை விட்ட மறுநாளே ஈரப்புல்லில் வண்டியை விட்டவள் அவள்தான்.

வியாழக்கிழமை மதியம் நான்கு சக்கரத்துக்கும் புது டயர் ஏறியது. தானே காற்றடித்தாள். விரல் முட்டியால் தட்டினால் கணீரென்று கேட்க வேண்டும். செங்கல் காலத்துப் பழக்கம். பின்பக்கத்து மூலையில் ஒரு நடை ஓட்டிவிட்டு இறங்கிக் குனிந்து பார்த்தாள். பழையபடி பள்ளமில்லைதான். ஆனாலும் சக்கரத்துக்கு ஒன்றாக, நான்கு விரல் அகலத்தில் கோடு, புல்லுக்குள் நன்றாகவே அமுங்கியிருந்தது. காலை இழுத்து நடப்பவருக்கு அது போதும்.

"ஏமாத்திட்டான்! இப்பவே போய் அவனை உண்டு இல்லைன்னு பண்றேன்!"

மேல்மாடியில் காற்றுமெத்தையைச் சரிபார்த்துக்கொண்டிருந்த நாத்தனாருக்கு இது தெளிவாகக் கேட்டது. இறங்கி வந்தாள்.

"அண்ணி, கடைக்காரருக்கும் இங்கேர்ந்தே கேட்டிருக்கும். எதுக்கு வீணா அலையறீங்க? காத்து எவ்வளவு வெச்சீங்க?"

"முப்பது. கல்லு மாதிரி இருக்கு, தட்டிப் பாரு."

"கல்லு மாதிரி எதுக்கு? யாராவது செங்கல் ஏத்தப்போறாங்களா?"

"காத்துக் குறைச்சலா ஓட்டறவனெல்லாம் ஒரு டிரைவரா? போடி!"

நாத்தனார் போகவில்லை. "படுத்தே கெடக்கறவங்களுக்குப் புண்ணு எங்க வருது? குதிகால்ல, இடுப்புல. எலும்பு குத்தற எடத்துல மொத்த பாரமும் எறங்கறதால. அதுக்குத்தான் காத்துமெத்தை. அதையும் டம்முனு காத்தடிச்சா பலகைதான். உங்க டயரோட நடு மட்டும் புல்லைக் குத்துது அண்ணி. அகலமா வாங்கி என்ன பிரயோஜனம், ஓரம் தரையையே தொடலையே!"

"டயரும் மெத்தையும் ஒண்ணாடி?"

"ஒண்ணான்னு பார்த்துடலாம்."

உடற்பயிற்சி அறையிலிருந்து சாக்பீஸ் கொண்டுவந்தாள். டயரின் முகம் முழுக்கக் குறுக்கே பூசி, சிமெண்ட் முற்றத்தில் வண்டியை ஒரு சுற்று நகர்த்தச் சொன்னாள். தரையில் விழுந்த வெள்ளைத் தடம் நான்கு விரல் அகலம்தான். இரண்டு ஓரத்துச் சாக்பீஸும் டயரிலேயே அப்படியே இருந்தது.

ஹாரன் அக்கா குனிந்தாள். எவ்வளவு காற்று என்று டயரின் பக்கவாட்டில் அச்சடித்திருந்த எண்ணை முதல்முறையாகப் படித்தாள். கொஞ்சம் கொஞ்சமாகக் காற்றை இறக்கிப் பன்னிரண்டுக்குக் கொண்டுவந்தாள். டயரின் வயிறு லேசாகப் பிதுங்கியது. பஞ்சரான வண்டியில் ஏறுவது போல மானக்கேடாக இருந்தது. மறுபடி சாக்பீஸ், மறுபடி ஒரு சுற்று. இந்தத் தடவை ஓரத்திலிருந்து ஓரம் வரை தடம் வெளுப்பாக விழுந்தது. மூலைப் புல்லில் ஓட்டினாள். படுத்த புல் அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே எழுந்து நின்றது.

"கடைக்காரனைத் திட்டினது அவனுக்குக் கேட்டிருக்குமாடி?" என்றாள்.

"நாளைக்குப் போய் மன்னிப்பு கேளுங்க. அதை மட்டும் மெதுவாக் கேளுங்க."

மறுநாள் காலை, பனி ஈரம் காயும்வரை காத்திருந்து வண்டியை எடுத்தாள். பழைய தடத்தில் போகாமல் குறுக்காக ஓட்டினாள். மூலைகளில் வெடுக்கென்று ஒடிக்காமல், அகலமாகச் சுற்றித் திரும்பினாள். பாதித் தரை முடிந்ததும் தலைவி வந்து, செருப்பைக் கழற்றிவிட்டு வெறுங்காலோடு இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை நடந்தார். திரும்பி வந்து போனை எடுத்து, "சிமெண்ட் வேண்டாம். ஆளுங்களை அனுப்பாதீங்க" என்றார். பிறகு நாத்தனாரிடம் தையல்காரரை அழைத்துவரச் சொன்னார்.

நாத்தனாரின் தோளைப் பிடித்துக்கொண்டு வந்தவர், தரையை ஊசியில் நூல் கோப்பவர் போல உற்றுப் பார்த்துவிட்டு இடது காலை வைத்தார். ஹாரன் அக்கா எஞ்சினை அணைத்து, மூச்சைக் கூடப் பிடித்துக்கொண்டாள். இருபத்தெட்டு அடி எடுத்து வைத்தார். எங்கும் மாட்டவில்லை. எதிர்ப்பக்கத்துப் பெஞ்சில் அவர் உட்கார்ந்ததும்தான் அவள் மூச்சு வெளியே வந்தது.

"டிரைவரம்மா, சமமா இருக்கு! திரும்பியும் நடந்தே போறேன்" என்று அவர் அங்கிருந்தே கத்தினார்.

"மெதுவாப் போங்கய்யா, எனக்கு இன்னும் பாதி இருக்கு!" என்று கத்திவிட்டு, ஹாரன் அக்கா மீதிப் புல்லை வெட்டப் போனாள்.