நீல டைல்ஸுக்கு இடப்பக்கம்

அம்மா படுக்கையில் விழுந்ததிலிருந்து ஒரே பேச்சுதான். "ஏட்டி, என்னைய ஒங்கக்கா குழியிலயே வச்சிரு. புள்ள தனியாக் கெடக்கா." முன்னால் போனவரின் குழியைத் திறந்து அதே வீட்டு ஆளைப் பின்னால் வைப்பது எங்கள் சபையில் உள்ள வழக்கம். எனக்கோ கேட்டாலே எரிச்சல் வரும். "சோறு திங்கிற நேரத்துலயா இந்தப் பேச்சு?" என்று சிடுசிடுப்பேன்.

அக்கா காய்ச்சலில் செத்தபோது நாங்கள் திருப்பூர் மண்ணரையில் லைன் வீட்டில் இருந்தோம். கல்யாண வயசு அவளுக்கு. இருட்டில் தனியாகப் படுக்கப் பயம். என் பாவாடை நுனியைப் பிடித்துக்கொண்டுதான் தூங்குவாள். அவளை இங்கேயே புதைத்துவிட்டுத் தெற்கே ஊருக்குத் திரும்பிவிட்டோம். கல்யாணமாகி நான் மறுபடி திருப்பூருக்கு, பனியன் கம்பெனியில் ஓவர்லாக் தைக்க வந்தேன். அப்பா போன பிறகு அம்மாவையும் அழைத்துக்கொண்டேன். வந்த மாதமே படுத்துவிட்டாள்.

கல்லறைத் திருநாளுக்கு அரை நாள் லீவு கேட்டேன். ஷிப்மெண்ட் நேரம் என்று சூப்பர்வைசர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார். வைத்துக்கொள்ளட்டும் என்று மெழுகுவர்த்தி வாங்கிக்கொண்டு கிளம்பிவிட்டேன். அக்காவைப் புதைத்த பிறகு நான் அந்தப் பக்கம் போனதே இல்லை. அம்மா சொன்ன அடையாளம், நீல டைல்ஸ் பதித்த ஒரு குழந்தைக் கல்லறை. அதற்கு இடப்பக்கம் அக்காவின் மரச்சிலுவை.

நீல டைல்ஸ் இருந்தது. இடப்பக்கம் பளபளவென்று கறுப்பு கிரானைட், அதில் யாரோ ஒரு வயதான பெண்ணின் படம். குழி வெட்டுகிறவரிடம் ஓடினேன்.

"கட்டாத குழிங்களா? எடம் பத்தறதில்லீங்க. ரொம்ப வருசம் யாரும் வரலீன்னா மறுபடி தோண்டுவமுங்க. பழைய எலும்ப அடியிலயே வெச்சு மண்ணப் போட்டு, மேல புதுசா வர்றவங்கள வெப்பமுங்க."

நாசமாய்ப் போக என்று வாய் வரை வந்தது. யாரைச் சொல்வது? அந்தக் கல்மேலேயே உட்கார்ந்து அழுதேன்.

மெழுகுவர்த்தியும் சாமந்தியுமாக ஒரு பெண் வந்து நின்றாள். "ஏனுங்க, எங்கம்மாவத் தெரியுங்களா?"

"இதுக்கு அடியில எங்கக்கா இருக்கா" என்றேன்.

கல்லைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். பிறகு பூவை ஒதுக்கி, என் மெழுகுவர்த்திக்கு இடம் விட்டாள். அந்தத் தைரியத்தில் கேட்டே விட்டேன், என் அம்மாவை இதில் வைக்க விடுவீர்களா என்று.

"எங்கப்பாவுக்குன்னு வெச்சிருக்குதுங்க அக்கா" என்றாள், மெதுவாக. அவள் சொன்னதில் தப்பே இல்லை. அதுதான் எனக்கு வயிற்றெரிச்சலாக இருந்தது.

வீட்டுக்கு வந்தால் அம்மா வாசலையே பார்த்தபடி கிடக்கிறாள். பொய் சொல்லலாம் என்றுதான் வழியெல்லாம் நினைத்து வந்தேன். அந்த முகத்தைப் பார்த்ததும் வரவில்லை. எல்லாவற்றையும் சொன்னேன்.

அம்மா கேட்டாள்: "மேல இருக்கது ஆம்பளையா, பொம்பளையா?"

"பொம்பளைதாம்மா. ஒன் வயசு இருக்கும்."

"புள்ள குட்டி உள்ளவளா?"

"மவ வந்திருந்தா. பூவெல்லாம் வச்சா."

"அப்பச் சரி. எம் புள்ளய அவ பாத்துக்கிடுவா" என்று சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தாள். அதற்குப் பிறகு தன்னை எங்கே வைக்க வேண்டும் என்று அம்மா என்னிடம் சொல்லவே இல்லை.