இருபத்திரண்டு படிவமும் 'இல்லை'

மகளுக்குத் தொய்வு, அதுதான் ஆஸ்துமா, இருப்பதைப் பாடசாலைக்கு மறைத்தவன் நான். 'பிள்ளைக்கு விசேட மருத்துவக் கவனிப்புத் தேவையா?' என்று படிவத்தில் கேட்டிருந்தார்கள். 'இல்லை' என்று முத்து முத்தாக எழுதிக் கொடுத்தேன். அவளுக்கு ஒன்பது வயது. நான் கவலைப்பட்டதோ அவளுடைய கலியாணப் பேச்சைப் பற்றி. வீட்டில் ஒரு அலுமாரி நிறையப் புத்தகம் வைத்திருக்கிற ஆள் வேறு.

போன வருடம் நாரந்தனையிலிருந்து மகளின் வகுப்பை நயினாதீவுக்குக் கூட்டிப்போனார்கள். துணைக்கு நானும் தொற்றிக்கொண்டேன். மூச்சு முட்டினால் வாயில் வைத்து அடிக்க மகள் பைக்குள் வைத்திருந்த பம்பை, மற்றப் பிள்ளைகள் கண்டுவிடுவார்கள் என்று வாங்கி, கைலேஞ்சியில் சுற்றி என் காற்சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டேன்.

குறிகட்டுவான் துறையில் வள்ளம் வெளிக்கிட்டுக் கொஞ்ச நேரத்தில் அவளுக்கு மூச்சு இழுக்கத் தொடங்கியது. அங்கேயே கொடுத்திருக்கலாம். நான் மறைவிடம் தேடிப் பின்பக்கம், எஞ்சினடிக்குக் கூட்டிப்போனேன். டீசல் புகை முகத்தில் அடித்தது. பிள்ளையின் உதடு வெளிறிவிட்டது. எனக்குப் பம்பின் மூடியைக் கழற்ற வரவில்லை.

"அண்ணை! புகைக்குள்ள என்ன செய்யிறியள்? இஞ்சால கொண்டு வாங்கோ!"

வகுப்பு ரீச்சர். பிள்ளையைக் காற்றுப் பக்கம் நிமிர்த்தி இருத்தி, பம்பைப் பறித்து அடித்தார். பக்கத்தில் ஒரு சிறுமி, "மெல்ல இழும், மெல்ல," என்று அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். மூச்சுச் சீராகும்வரை நான் கும்பிடாத தெய்வமில்லை.

"உமக்கு இதெல்லாம் எப்படித் தெரியும்?" என்று அந்தச் சிறுமியைக் கேட்டேன்.

"எனக்கும் பம்ப் இருக்கு அங்கிள்." எடுத்துக் காட்டினாள். எதிர் வாங்குப் பலகையில் இருந்த பையன் தனக்குச் சீனி வருத்தம், பிந்திச் சாப்பிட ஏலாது என்றான். "இவனுக்கு வலிப்பு. இப்ப வாறேல்லை," என்று ஒருவன் தன் சிநேகிதனைப் பெருமையாக அறிமுகப்படுத்தினான். இன்னொருத்திக்குக் காதில் கருவி. என் மகளோடு ஐந்து பேர். ரீச்சரின் கோப்பிலோ இருபத்திரண்டு படிவமும் 'இல்லை'. காதில் கருவி மாட்டிய பிள்ளைக்கும் 'இல்லை'.

"படிவத்தை நம்பி நான் வள்ளம் ஏற ஏலுமே அண்ணை? பிள்ளையளிட்டத்தான் கேட்டனான்," என்றார் ரீச்சர்.

எங்கள் வீட்டில் மட்டும்தான் என்று நினைத்து ஒவ்வொரு வீடும் கதவைச் சாத்தியிருந்தபோது, அந்தப் பிள்ளைகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்கள். அதை நினைக்கும்போது இன்றும் எனக்குத் தலை தன்பாட்டில் குனிகிறது.

பரிகாரமாக, பெற்றோர் கூட்டத்தில் வாசிப்பதற்கு, பிள்ளைகளின் வருத்தத்தை மறைக்கவேண்டாம் என்று நான்கு பக்கம் உருக்கமாக எழுதிக் கொண்டுபோய் ரீச்சரிடம் நீட்டினேன். பொறுமையாக முழுவதையும் வாசித்தார்.

"வடிவா எழுதியிருக்கிறியள் அண்ணை. பம்ப் எத்தினை தரம் அடிக்கவேணும் எண்டதைத்தான் ஒரு இடத்திலயும் காணேல்லை."