அக்காவின் கைகள்

பெரியப்பாவின் பெட்டியைக் குழிக்குள் இறக்கியபோது அம்மா இருந்தாள், நான் இருந்தேன், சாமியாரும் உபதேசியாரும் இருந்தார்கள். அவரைக் கைவிட்ட மகன்கள் இருவரும்கூட வந்து, வேட்டியில் மண் படாமல் தள்ளி நின்றார்கள். அக்கா வரவில்லை. அம்மா கல்லறைத் தோட்டத்து வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அக்காவின் நிச்சயத்தில் பெரியப்பாவை முன்னால் உட்கார வைக்காமல் விட்டார் அப்பா. நடந்த பிழை அம்புட்டுத்தான். மூன்று ஞாயிறு வாசிக்க வேண்டிய கல்யாண ஓலையைக் கோயிலில் இரண்டு ஞாயிறு வாசித்துவிட்டார்கள். மூன்றாவது ஞாயிறுக்குள் பெரியப்பா நத்தத்துக்கு பஸ் ஏறிப்போய், பெண்ணுக்கு வலிப்பு உண்டு என்று மாப்பிள்ளை வீட்டில் சொல்லிவிட்டு வந்தார். கல்யாணம் நின்றுபோனது. அக்காவுக்கு வலிப்பெல்லாம் கிடையாது. மில்லில் ராத்திரி ஷிப்டு நின்று என்னைக் காலேஜில் படிக்க வைத்தவள் அவள். எங்கள் குடும்பத்தில் காலேஜ் வாசலை மிதித்தவன் நான் ஒருவன்தான். அப்பா அந்த வருத்தத்தோடேயே போய்ச் சேர்ந்தார்.

பிறகு சர்க்கரை முற்றிப் பெரியப்பாவுக்கு ஒரு காலை எடுத்தார்கள். மகன்கள் ஆஸ்பத்திரியில் போட்டுவிட்டு எட்டிக்கூடப் பார்க்கவில்லை. அம்மா ஆட்டோ பிடித்து அவரை வீட்டுக்குக் கூட்டிவந்தாள். இவரை வெளியே விட்டுவிட்டு எந்த முகத்தோடு பூசையில் நன்மை அப்பம் வாங்குவது என்று கேட்டாள். அக்கா மறுத்துப் பேசவில்லை. தன் கட்டிலை அவருக்கு விட்டுவிட்டு அடுப்படியில் படுத்துக்கொண்டாள். அவரோடு பேசுவது மட்டும் இல்லை.

அந்த ஞாயிறு அவரையும் ஆட்டோவில் கோயிலுக்குக் கூட்டிப்போனோம். பூசையில், ஒருவருக்கொருவர் சமாதானம் சொல்லச் சொன்னார் சாமியார். அம்மா பெரியப்பாவைப் பார்த்துக் கும்பிட்டாள். அக்கா அசையாமல் நின்றாள். அம்மா சட்டென்று அக்காவின் இரண்டு கைகளையும் பிடித்துச் சேர்த்து, அவர் பக்கம் திருப்பிவிட்டாள். சின்னப் பிள்ளைக்குக் கும்பிடச் சொல்லித்தருவது போல.

வீட்டுக்கு வந்ததும் அக்கா துணிகளைப் பையில் அடுக்கினாள்.

"நீ மன்னிச்சது சரிம்மா. என் கைய எதுக்குப் புடிச்ச?"

அக்கா மில் ஹாஸ்டலுக்குப் போய்விட்டாள்.

பெரியப்பா மாறிவிடவில்லை. வெஞ்சனத்தில் உப்பில்லை என்று தட்டைத் தள்ளுவார். "படிச்ச தொரைக்கு மூத்திரச் சட்டி தூக்கக் கசக்குதோ" என்பார். கசக்கத்தான் செய்தது. ஜெபித்துக்கொண்டே தூக்கினேன். மிச்சமிருந்த காலுக்கு எண்ணெய் தேய்க்கத் தேய்க்க, அது அப்பாவின் கால் மாதிரியே இருப்பதை ஒருநாள் கவனித்தேன். அன்றிலிருந்து அவரை வெறுக்க முடியவில்லை.

சாவதற்குக் கொஞ்ச நாள் முன்னால் சாயங்காலம் கூப்பிட்டார்.

"அவளுக்கு வலிப்பு இல்லன்னு எனக்குத் தெரியும்லே. வரச் சொல்லு. செத்த நேரம் இருந்துட்டுப் போகட்டும்."

போனில் அப்படியே சொன்னேன். அந்தப் பக்கம் மிஷின் ஓடிக்கொண்டிருந்தது. அப்புறம் அக்கா, "நீ சாப்டியா?" என்றாள். சாப்பிட்டேன் என்றேன். வைத்துவிட்டாள்.

அடக்கம் முடிந்து வந்து அம்மா கட்டிலைக் கழுவி வெயிலில் போட்டாள். புதுப் பாய் ஒன்று வாங்கி அதன் மேல் விரித்தாள். "இனி வருவால்ல, அப்பு?" என்று என்னிடம் கேட்டாள்.

அக்கா வேறு ஊர் மில்லுக்கு மாறிப்போயிருந்தாள். அந்த நம்பரில் இப்போது யாரும் எடுப்பதில்லை. அம்மா பெரியப்பாவை மன்னித்தாள், நானும் மன்னித்தேன், அதில் பொய்யில்லை. அதற்கு எங்களுக்கு ஆன செலவு அக்காதான்.