ஒரு வெள்ளைப் புள்ளி

நத்தம் ரோட்டில் தண்ணீர் கேன் கம்பெனி நடத்திய அந்த மனிதரை எனக்குப் பிடிக்காமல் போனதற்கு, அவர் வீட்டுக் கடல்மீன் தொட்டிதான் காரணம். என் தொட்டியில் வெள்ளைப் புள்ளி நோய் வந்து மீன்கள் செத்துக்கொண்டிருந்தன. அவருடையவை பளபளவென்று திரிந்தன. இத்தனைக்கும் கிருமியைக் கொல்ல இருவரும் மாட்டியிருந்தது ஒரே யூவி விளக்குதான்.

குட்டையான ஆள். சட்டைப் பையில் எப்போதும் ஒரு பூதக்கண்ணாடி. பேச்சுக்கு நடுவிலேயே அதை எடுத்து மீன்களைப் பார்ப்பார்.

நான் புலம்பியதும், “மோட்டார வேகமா விட்டிருப்பீங்க. தண்ணி லைட்டுகிட்ட செத்த நேரம் நின்னு போகணும்ல. கேன் தண்ணிக்கும் அதே கததான்,” என்றார். “அதுவும் தண்ணில மிதக்குற கிருமியத்தான் கொல்லும். மீன் மேல ஒட்டுனத ஒண்ணும் பண்ணாது. புது மீன ஒன்றரை மாசம் தனித் தொட்டில வச்சுப் பாத்துட்டுத்தான் இதுல விடுவேன்.”

நான் வாங்கிய அன்றே விட்டவன். அவர் தொட்டியருகே குனிந்தேன்.

“புள்ளி தேடுறீங்களா?” என்று பூதக்கண்ணாடியை நீட்டினார். “நானும் தெனமும் அதத்தான் தேடுறேன்.”

அவர் பயத்தில் தேடுகிறவர். நான் ஒன்றாவது கிடைக்காதா என்று தேடினேன். தெரிந்தேதான் அந்தக் கண்ணாடியைக் கொடுத்தாரா என்பது இன்றுவரை எனக்குப் புரியவில்லை.