முகம் இல்லாத வெண்கலக் கன்று

மார்ச் 10, திங்கள். வழக்கம்போல் எட்டு மணிக்கு எண்ணூரில் எங்கள் கம்பெனி வாசலைச் சுற்றிப் பார்த்தேன். அதைப் பராமரிப்பது என் பொறுப்பு. அங்கே ஒரு வெண்கலக் கன்று நிற்கிறது. சிற்பி கண், காது, வாய் எதுவும் வைக்கவில்லை. வளைந்த முதுகும் நான்கு கால்களும்தான். நெட்டுக்குப்பத்திலிருந்து மீன் கொண்டுவரும் நரைத்த, உயரமான அம்மா ஒருவர், கூடையை இறக்கியதும் அந்த முதுகைத் தடவுவார். தடவித் தடவி அந்த இடம் மட்டும் பொன்னாய் மின்னும். அன்றும் வந்து தடவினார்; சொன்னேன்.

"நாளைக்குச் சிலைக்குக் கறுப்பு மெருகு ஏத்துறாங்க. இனிமே தொடாதீங்கம்மா."

"இன்னா சார், எங்க மணிய தொடக்கூடாதா?"

"மணியா? இது கன்னுக்குட்டிம்மா."

"உனுக்குக் கன்னுக்குட்டி. எனுக்கு, நான் வர்ற வரிக்கும் கரையில காத்துகினு கெடந்த நாய். போன மழையில செத்துப் பூட்ச்சு. கண்ணு மூக்கு வெச்சிருந்தா வேற எதுனா ஆயிருக்கும் சார். ஒண்ணும் வெக்காததாலதான் அதுவாவே கீது."

சிரித்துக்கொண்டே சங்கரா மீனை நறுக்கித் தந்தார். புறப்படும்போது மறுபடி தடவினார். கையை எடுக்க நேரமாயிற்று.

மறுநாள் காலை முதல் வேலையாக, மெருகு போட வந்தவரிடம் முதுகில் மின்னும் இடத்தை மட்டும் விட்டுவிடச் சொன்னேன்.