ஜீப்பில் போன செருப்பு

வெள்ளவத்தையில் எங்கள் வீட்டு முற்றத்தின் பாதியை அப்பாவின் பழைய ஜீப் பிடித்துக்கொண்டு நின்றது. நாலு சக்கரமும் இழுக்கும், எந்தச் சேற்றிலும் ஏறும் என்று அப்பா அதைப் பற்றிப் பீற்றிக்கொள்வார். அவர் வேலை விஷயமாக யாழ்ப்பாணம் போயிருந்தபோது சண்டை தொடங்கிப் பாதையை மூடிவிட்டார்கள். அம்மாவுக்கு ஓட்டத் தெரியாது. சேறே இல்லாத முற்றத்தில் ஜீப் சும்மா நின்றது. ஒழுங்கையில் என்னோடு விளையாடிய பிள்ளைகள் ஒவ்வொருவராகக் கனடாவுக்கும் லண்டனுக்கும் போய்விட்டதால், பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் நான் அதில் ஏறி ஸ்டியரிங்கோடு கதைத்துக்கொண்டிருப்பேன். கதைக்க வேறு ஆளில்லை.

ஒருநாள் யாழ்ப்பாணத்திலிருந்து எப்படியோ வந்துசேர்ந்த ஒருவர் அம்மாவோடு அறைக்குள் இருந்து கதைத்துவிட்டுப் போனார். அன்றிலிருந்து அம்மா பொட்டு வைக்கவில்லை. எனக்கு அது பெரிய புதினமாகப் படவில்லை. றோட்டுச் சோதனைச் சென்றியில் தமிழர் என்று கண்டு ஆமிக்காரர் மறிப்பார்கள் என்று பெண்கள் பொட்டை அழித்துவிட்டு வெளியே போவது அப்போது எங்கள் பக்கத்து வழக்கம். அம்மா வீட்டுக்குள்ளும் பயப்படத் தொடங்கிவிட்டார் என்று நினைத்துக்கொண்டேன்.

பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை மாமா கொட்டாஞ்சேனையிலிருந்து பஸ்ஸில் வந்தார். கையில் எஞ்சின் ஒயிலும் புது ஃபில்டரும். கராஜில் கொடுக்கலாமே என்றார் அம்மா.

"சென்றியில மறிச்சு, வண்டிக்காரர் எங்க எண்டு கேட்டா என்ன சொல்லுறது அக்கா?"



மாமா துறைமுகத்தில் கிளார்க். அப்பா சேர்விஸ் செய்யும்போது பக்கத்தில் நின்று பார்த்ததுதான் அவருடைய படிப்பு. ஜீப்புக்கு அடியில் படுத்து ஒயில் அடைப்பைத் திருகித் திறந்தார். அம்மா கேக் சுடும் பழைய தட்டில் கறுத்த ஒயில் நூலாக இறங்கியது. எஞ்சினைச் சூடாக்காமல் திறந்ததற்குத் தன்னைத்தானே திட்டிக்கொண்டார். பிளக்குகளைத் துடைத்து, எமரித் தாளால் தேய்க்கும் உத்தியோகம் எனக்குக் கிடைத்தது.

"ஏன் மாமா இப்ப சேர்விஸ்?"

"தூரம் ஓடவேணுமெல்லோ."

எனக்குத் தெரிந்த தூரம் ஒன்றுதான். அப்பாவைக் கூட்டிவரப் போகிறார்கள். அந்தச் சந்தோஷத்தில் பிளக்குகள் பளபளக்கும்வரை தேய்த்தேன்.

பின்னேரம் எஞ்சின் இருமி, புகை கக்கி, பிறகு அடங்கி ஒரே சீராக ஓடியது. மாமா சிரித்தார். அம்மா அந்தச் சத்தத்தைக் கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டார்.

அடுத்த நாள் புத்தளத்திலிருந்து ஒரு முஸ்லிம் வியாபாரி வந்தார். எஞ்சினுக்குக் காது கொடுத்துத் தலையாட்டி, மாமாவிடம் தடித்த கடித உறை ஒன்றைக் கொடுத்தார். மாமா ஜீப்பின் திறப்பைக் கொடுக்க, அவர் ஏறி உட்கார்ந்தார். நான் உள்ளே ஓடிப்போய் அப்பாவின் தோல் செருப்பை எடுத்து வந்து நீட்டினேன்.

"என்ன புள்ள இது?"

"அப்பான்ர செருப்பு. வரேக்க போட்டுக்கொண்டு வரட்டும்."

அவர் மாமாவைப் பார்த்தார். மாமா சுத்தமாக இருந்த ஸ்பானரைத் துடைத்துக்கொண்டிருந்தார். வியாபாரி செருப்பை இரண்டு கையாலும் வாங்கிப் பக்கத்து சீட்டில் வைத்தார். ஜீப் ஒழுங்கை முனையில் திரும்பும்வரை கை காட்டிக்கொண்டு நின்றேன்.

முற்றத்தில் ஒயில் கறைதான் மிஞ்சியது. ஆனாலும் அந்த வாரம் மட்டும் எனக்குத் தனிமை தெரியவில்லை. எந்த வாகனம் வந்தாலும் கேற்றுக்கு ஓடினேன்.

வெள்ளிக்கிழமை ஓடியபோது அந்த வியாபாரி தனியாக நின்றார். அம்மாவிடம் பேப்பரில் சுற்றிய பொதியைக் கொடுத்து, தாழ்ந்த குரலில் ஏதோ சொல்லிவிட்டுப் போனார். அம்மா பொதியைப் பிரித்தார். அப்பாவின் செருப்பு. அதை மடியில் வைத்துக்கொண்டு வாசற்படியிலேயே இருந்து சத்தம்போட்டு அழுதார். அவர் அப்படி அழுது நான் பார்த்ததில்லை.

அப்பா வரமாட்டேன் என்று சொல்லிச் செருப்பைத் திருப்பி அனுப்பிவிட்டார் என்றுதான் நினைத்தேன். எனக்கு அவர் மேல் பொல்லாத கோபம் வந்தது. அதன் பிறகு அம்மா அவருடைய படத்தைச் சாமியறையில் வைத்துப் பின்னேரங்களில் விளக்கேற்றுவார். கூப்பிட்டும் வராத மனிதருக்கு இவ்வளவு மரியாதை எதற்கு என்று நான் முகத்தைத் திருப்பிக்கொண்டு நிற்பேன்.