மாமாவின் தேர்வடம்

அந்த வாரம் முழுவதும் எங்கள் வீட்டில் ஒரே பேச்சுத்தான். மாமாவின் தேர்வடம் சம்பளம் வாங்கி ஆடுகிறவர்களிடம் செல்லுமா, செல்லாதா? செல்லாது என்றவர் அப்பா. செல்லும் என்றவர் மாமா, அம்மாவின் ஒரே தம்பி. தென்காசி ஊருக்குள்ளும் இதே பேச்சு நடந்தது. முடிவெட்டும் கடையில் ஆறு பேர் உட்கார்ந்திருந்தால் நாலு பேர் மாமா கட்சி, இரண்டு பேர் அப்பா கட்சி. எனக்கு அப்போது ஒன்பது வயது; கண்ணில் பட்டதையெல்லாம் எண்ணிவிடுவேன். இன்றும் மாடிப்படியை எண்ணாமல் ஏறினால் எங்கேயோ ஒரு படி குறைந்துவிட்டதுபோல மனம் அடித்துக்கொள்கிறது.

தேர்வடம் என்பது கால்பந்தில் மாமா கண்டுபிடித்த தந்திரம். முன்னால் நின்று ஆடும் ஐந்து பேரும் பரவி ஓடமாட்டார்கள். வடத்தைப் பிடித்துத் தேரிழுக்கிறவர்கள் மாதிரி ஒருவர் முதுகுக்குப் பின்னால் ஒருவராக, நெருக்கியடித்து ஒரே வரிசையில் ஓடுவார்கள். பந்து நாலாவதாக வரும் மாமாவின் காலில் இருக்கும். எதிரில் அந்தப் பக்கத்தைக் காவல் காத்து நிற்பவனுக்கு முன்னால் வரும் மூன்று உடம்புகள்தான் தெரியும், பந்து தெரியாது. கோல் கம்பத்தை நெருங்கியதும் மாமா ஒரு சத்தம் கொடுப்பார். முதல் மூன்று பேரும் சட்டென்று உள்பக்கம் பிரிந்து ஓடுவார்கள். பந்து அவர்களோடு போகிறது என்று நினைத்துக் காவல்காரனும் திரும்பிக் கூடவே ஓடுவான். மாமா பந்தைக் குதிகாலால் பின்னுக்குத் தள்ளிவிட்டு விலகிவிடுவார். கடைசி ஆள், ரொட்டிக்கடைக்காரர் மகன், ஆளில்லாத இடத்தில் நின்று நிதானமாக உதைப்பார். அவர் இடக்கால்காரர். வலது காலால் உதைத்தால் பந்து எந்த ஊருக்குப் போகும் என்று அவருக்கே தெரியாது. அதனால் வடம் எப்போதும் மைதானத்தின் இடப்பக்கமாகவே ஓடும். அந்த வருஷம் நான் பார்க்கப் பதினோரு தடவை ஓடியது. பதினோரு தடவையும் இடப்பக்கம். ஒன்பது கோல்.

ஆனால் அதெல்லாம் கீழப்பாவூர், சுந்தரபாண்டியபுரம் ஆட்களோடு ஆடியது. வயலில் வேலை முடித்துக் கால் கழுவிக்கொண்டு ஆட வந்தவர்கள் அவர்கள். இப்போது வரப்போவது மலைக்கு அந்தப்பக்கம் உள்ள ஒரு தோட்டக் கம்பெனியின் ஆட்கள். பதினோரு பேருக்கும் ஆட்டம்தான் வேலை, அதற்குத்தான் சம்பளம். குற்றாலத்தில் சாரல் தொடங்கி, அருவியில் குளிக்க வெளியூர் ஜனங்கள் வந்து குவிந்திருந்த சமயம். அவர்களெல்லாம் பார்க்கும்படி ஒரு ஆட்டம் வைக்க ஊர்ப் பெரியவர்கள் ஏற்பாடு செய்திருந்தார்கள்.

அப்பாவுக்குக் கோர்ட்டில் குமாஸ்தா உத்தியோகம். மாமாவுக்கு இருபத்துமூன்று வயதாகியும் உத்தியோகம் என்று ஒன்றில்லை. ஆலங்குளத்தில் அப்பாவின் ஒன்றுவிட்ட அண்ணன் நெல் மண்டி வைத்திருந்தார். அங்கே போய் உட்காரச் சொல்லி அப்பா இரண்டு வருஷமாக மன்றாடிக்கொண்டிருந்தார். மாமா மாதம் ஒரு சாக்குச் சொல்லித் தள்ளிக்கொண்டே வந்தார். ஆலங்குளம் போனால் ஆட்டம் போய்விடும் என்பதைத் தவிர உண்மையில் வேறு காரணமில்லை.

"காசு வாங்கி ஆடுதவன் பந்தையா பாப்பான்? ஆளையில்லா பாப்பான்" என்றார் அப்பா. "நீ எத்தனை பேரை முன்னால விட்டு ஓட்டினாலும் அவன் நின்ன இடத்தை விட்டு அசைய மாட்டான், மாப்ள."

"அவனும் மனுசன்தான அத்தான். மூணு பேரு சேந்து ஒரு பக்கமா ஓடினா கண்ணு தானா ஓடும். கண்ணு ஓடினா காலு ஓடும்."

"ஓடலைன்னா?"

"ஓடலைன்னா இந்தப் பந்தை நான் இனிமே தொடல. நீங்க சொல்லுத மண்டியில போயி மூட்டை எண்ணுதேன். போதுமா?"

"ஏலே, எதுக்கு இப்படி வாயைக் கொடுக்க?" என்று அம்மா உள்ளேயிருந்து சத்தம் போட்டாள். அப்பா அதற்குள் "சரி" என்று சொல்லிவிட்டார். அவர் சொல்லிவிட்டால் சொன்னதுதான், மாமாவும் அப்படித்தான். அந்த ஒரு விஷயத்தில் மட்டும் இருவருக்கும் ஒற்றுமை.

சத்திரங்களில் கால் வைக்க இடமில்லாததால், வந்த ஆட்டக்காரர்களை வீட்டுக்கு ஒருவராகத் தங்க வைத்தார்கள். ஆட்டத்துக்கு முந்தின நாள் செங்கோட்டை வழியாக வந்த ரயிலில் இறங்கி எங்கள் வீட்டுக்கு வந்தவர், அவர்களுடைய வலப்பக்கம் காவல் நிற்கிறவர். எதிரெதிராக நின்று ஆடும்போது நமக்கு இடப்பக்கம் என்பது அவருக்கு வலப்பக்கம். வடம் நேராக ஓடிப்போய் முட்டப்போவது அவரிடம்தான். முப்பது வயது தாண்டியவர், அதிகம் பேசாதவர். வந்து உட்கார்ந்ததும் முழங்காலில் சுற்றியிருந்த துணியை அவிழ்த்தார். கால் பலாக்கொட்டை நிறத்தில் வீங்கியிருந்தது.

அம்மா உப்பை வறுத்துத் துணியில் முடிந்து ஒத்தடத்துக்குக் கொடுத்தாள். மாமா அவருக்கு எதிரில் குந்தி, முழங்காலை இரண்டு பக்கமும் அமுக்கிப் பார்த்தார்.

"எப்படி ஆடினா வலிக்குது?"

"நேரே ஓடினால் சாரமில்லை, ஓடலாம். திரும்பக் கூடாது. திரும்பினால் காலு நிக்காது" என்றார் அவர், மலையாளம் கலந்த தமிழில்.

"அப்போ நாளைக்கு ஒரு நாள் சும்மா இருந்துட்டாதான் என்ன?" என்று அம்மா கேட்டாள்.

"இருக்கப்படாது சேச்சி. கழிஞ்ச மாசம் ஒருத்தன் நின்ன பக்கமா ஒரு கோல் போச்சு. ஒண்ணே ஒண்ணு. அன்னைக்கே அவனை வேலையை விட்டுப் பறஞ்சு விட்டாச்சு. ஆட்டம் போனால் கம்பெனி கொடுத்த வீடும் போகும். எனக்கு மூணு குட்டிகள்."

இதை அவர் யாரிடமும் எதையும் கேட்பதுபோலச் சொல்லவில்லை. அந்தப்பக்கம் மழை எப்படி என்று விசாரித்தால் சொல்வதுபோலச் சொன்னார். பிறகு ஒத்தட முடிச்சைத் திருப்பி வைத்துக்கொண்டார். வடத்தைப் பற்றி அவருக்கு ஒன்றும் தெரியாது. வீட்டில் யாரும் அவரிடம் சொல்லவுமில்லை.

அவர் கிணற்றடிக்குப் போன பிறகு அப்பா குரலைத் தாழ்த்தி, "மாப்ள, உனக்கு யோகந்தான். திரும்ப முடியாதவனைக் கொண்டாந்து நம்ம வீட்டுலயே இறக்கி விட்டிருக்கு பாரு. நான் தோத்தேன்னு இப்பவே எழுதிக் கொடுத்துருதேன்" என்று சிரித்தார். வேறு நாளாக இருந்தால் மாமா இரட்டிப்பாகச் சிரித்திருப்பார். அன்று, "மெதுவாப் பேசுங்க அத்தான், காதுல விழுந்துரும்" என்று மட்டும் சொன்னார்.

மறுநாள் காலையில் ஆட்டம். சாரல் நின்று நின்று விழுந்துகொண்டிருந்தது. குடை பிடித்தவர்கள் முன்வரிசையில் நின்றுகொண்டு பின்னால் நிற்பவர்களிடம் வசவு வாங்கினார்கள். நான் அப்பாவின் தோளில் இருந்தேன். கம்பெனி ஆட்கள் நன்றாகத்தான் ஆடினார்கள். எங்கள் வீட்டு விருந்தாளி மட்டும் அதிகம் ஓடாமல் தன் இடத்தில் காலை அகட்டி நின்று, வருகிற பந்தை உடம்பைக் கொடுத்து நிறுத்தினார். பந்து தூரத்தில் இருக்கும்போது குனிந்து முழங்காலைப் பிடித்துக்கொள்வார். பாதி ஆட்டம் முடிந்தும் இரண்டு பக்கமும் கோல் இல்லை.

"வடத்தை இழுங்கலே!" என்று கூட்டம் கத்தத் தொடங்கியது. மாமா இழுக்கவில்லை. கால் மணி, அரை மணி ஆயிற்று. "என்னலே, வடம் மழையில இத்துப் போச்சா?" என்று ஒருவன் கேட்டான். கூட்டம் முழுக்கச் சிரித்தது. "உம்ம மச்சினனுக்கு இப்பவே ஆலங்குளத்துக்கு வண்டி கட்டச் சொல்லும் வே!" என்று இன்னொருவன் அப்பாவைப் பார்த்துச் சொன்னான். பந்தயம் அதற்குள் ஊர் முழுவதும் தெரிந்திருந்தது.

ஆட்டம் முடியப்போகிற நேரத்தில் மாமாவின் காலுக்குப் பந்து வந்தது. அவர் இடப்பக்கம் ஒரு முறை பார்த்தார். விருந்தாளி அங்கே காலை அகட்டித் தயாராக நின்றார். மாமா கையை உயர்த்தினார். ஐந்து பேரும் வரிசையாகச் சேர்ந்தார்கள். கூட்டம் அலறியது. வடம் ஓடியது.

வலப்பக்கமாக ஓடியது.

போகிற போக்கில் இடப்பக்கம் திரும்பிவிடும் என்று நான் அப்பாவின் தலைமயிரைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தேன். திரும்பவில்லை. மாமா சத்தம் கொடுத்தார். மூன்று பேர் உள்ளே பிரிந்தார்கள். அந்தப் பக்கம் காவல் நின்ற இளைஞன், காசு வாங்கி ஆடுகிறவன்தான், அவர்களோடு திரும்பி ஓடியே போய்விட்டான். பந்து ரொட்டிக்கடைக்காரர் மகனின் வலது காலுக்கு வந்தது. அவர் காலை மாற்ற நேரமில்லாமல் அப்படியே உதைத்தார். பந்து கம்பத்துக்கு மேலே வெகு உயரத்தில் பறந்து தென்னந்தோப்புக்குள் விழுந்தது. அதைத் தேடி எடுத்து வருவதற்குள் நேரம் முடிந்துவிட்டது. யாருக்கும் கோல் இல்லை.

அந்த இளைஞன் ஏமாந்ததை யாரும் பேசவில்லை. எல்லோரும் தோப்புக்குள் போன பந்தைத்தான் பார்த்திருந்தார்கள். சம்பளம் வாங்குகிறவர்களிடம் வடம் செல்லாது என்று ஊர் அன்றைக்கே தீர்ப்புச் சொல்லிவிட்டது.

மத்தியானம் விருந்தாளிக்கு ரயில். அதனால் அம்மா சீக்கிரமே இலை போட்டாள். அவர் ஒரு பக்கம், அப்பாவும் மாமாவும் எதிர்ப்பக்கம், நான் கடைசியில். அப்பா சாம்பார் சோற்றைப் பிசைந்துகொண்டே, "நான் சொன்னேம்லா மாப்ள? அது பள்ளிக்கூடத்துப் பயலுவகிட்டதான் பலிக்கும்" என்று ஆரம்பித்தார். மாமா, "ஆமா அத்தான். நீங்க சொன்னதுதான் சரி" என்றார்.

எனக்குப் பொறுக்கவில்லை. கணக்கு தப்பாக நிற்கிறதே!

"வடம் ஒண்ணும் தோக்கல. மாமாதான் பக்கம் மாறி ஓடினாவ. பதினோரு தரமும் இடப்பக்கந்தான ஓடினாவ? இன்னைக்கும் இவங்க நின்ன பக்கம்லா ஓடியிருக்கணும்!" என்று சோற்றுக் கையாலேயே விருந்தாளியைக் காட்டினேன்.

அவருடைய கை இலையில் நின்றுவிட்டது. மெதுவாகத் தலையை நிமிர்த்தி மாமாவைப் பார்த்தார். மாமா தன் இலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்பா ஒரு முறை விருந்தாளியையும் ஒரு முறை மாமாவையும் பார்த்தார். அவர் முகத்தில் இருந்த சிரிப்பு போய்விட்டது.

"மாப்ள, அந்த மண்டி விஷயம்..." என்று தொடங்கினார்.

"திங்கக்கிழமை போறேன் அத்தான். பேசினது பேசினதுதான்" என்று மாமா அவரை மேலே பேசவிடாமல் சொன்னார். பிறகு என் பக்கம் திரும்பி, "சோத்தைத் தின்னுலே" என்றார்.

விருந்தாளி ஏதோ சொல்ல வாயெடுத்தார். அம்மா அவர் இலையில், கேட்காமலேயே, இன்னொரு அகப்பைச் சோறு வைத்தாள். அவர் குனிந்து சாப்பிடத் தொடங்கினார். அப்பா மோருக்குக்கூட இருக்காமல் எழுந்து கை கழுவப் போனார். பந்தயத்தில் ஜெயித்தவர் ஏன் பாதியில் எழுந்து போகிறார் என்று எனக்கு விளங்கவில்லை. சரியான கணக்கைச் சொல்லியும் யாரும் எனக்குச் சபாஷ் சொல்லவில்லை. சாப்பிடும்போது பேசினது தப்பு போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு, வாயை மூடிக்கொண்டு மிச்சச் சோற்றைச் சாப்பிட்டு முடித்தேன்.